தலை தாழ்த்திய கட்டில்

என் கையில் நரம்பு கிடைக்காது என்பது எங்கள் எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். கிளினிக்கில் மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, ரத்தம் எடுப்பது எல்லாம் ஒரே டிரசர்தான். அவர் என் கையை வாங்கி, ரப்பர் பட்டையை இறுக்கி, முழங்கை மடிப்பைத் தட்டிப் பார்ப்பார். பிறகு மறு கையைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான்.

"இவ்வளவு பெரிய உடம்புல ஒரு நரம்ப எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்க?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

சிறு வயதிலேயே நான் இப்படித்தான். எங்கள் வீட்டில் எல்லாரும் கொழுந்து பறித்து, மேடேறி இறங்கி, நார்போல இருந்தார்கள். நான் மட்டும் அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டு வேறு மாதிரி வளர்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்ததும் போதும் என்று நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. வேறு பள்ளிக்குப் போனால் புதிதாகச் சிரிக்க ஆட்கள் இருப்பார்கள் என்ற பயம். பிறகு எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் வேலை கிடைத்தது. பச்சை இலை மூட்டைகளை அவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஈர இலை வரும் நாட்களில் கீழே இருந்து யாராவது கத்துவான்.

"ஒரு மூட்டை ஏற்கனவே மேல ஏறி நிக்குதுடா."

இருபது வருடத்துக்கு மேலாக அதே மூட்டைப் பேச்சு. அதைச் சொன்னவர்களில் சிலர் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்கள் மகன்கள் வந்து அதையே சொன்னார்கள்.

என் கால் கெட்டது எஸ்டேட் கொடுத்த பூட்ஸால். என் அளவு ஸ்டோரில் இல்லை. "அடுத்த தடவை வரும்" என்றார் ஸ்டோர் கணக்கு பார்க்கும் கிராணி. அடுத்த தடவையும் வரவில்லை. மறுபடி கேட்டால் எல்லார் முன்னாலும் என் காலைப் பற்றிப் பேச்சு நடக்கும் என்று, சின்ன பூட்ஸிலேயே காலைத் திணித்துக்கொண்டு போனேன். சர்க்கரை வந்த பிறகு பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. பூட்ஸுக்குள் ஒரு கல் இருந்திருக்கிறது. நாள் முழுக்க அதன்மேல் நின்றிருக்கிறேன். சாயங்காலம் என் மனைவி சாக்ஸைக் கழற்றியபோதுதான் ரத்தம் தெரிந்தது. அதை மஞ்சள் வைத்துக் கட்டினோம். சில நாட்களில் முழங்கால் வரை சிவந்து, பளபளவென்று வீங்கி, காய்ச்சல் கண்டது.

டிரசர் காலைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"கீழ போயிடு. பெரிய ஆஸ்பத்திரிக்கு. விஷம் ரத்தத்துல ஏறுதுன்னு நெனைக்கிறேன். நரம்பு வழியா மருந்து போகணும். இல்லன்னா கால எடுத்துடுவாங்க."

கால் போனால் மாடி வேலை போகும். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு போகும். எஸ்டேட்டில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் மனைவி எஸ்டேட்டுக்கு வெளியே வேலை செய்கிறவள். அவள் பெயரில் வீடு கிடைக்காது என்று கங்காணி முன்பே ஒரு முறை சொல்லியிருந்தார்.

ஆம்புலன்ஸ் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஒரு வேன் இருக்கிறது. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே, விடுமுறை நாட்களில் கியா பார்முக்கு ஸ்ட்ராபெர்ரி வாங்க வரும் சுற்றுலாக்காரர்களை அதில் ஏற்றி இறக்குவான். அவன் திரும்பியபோது இருட்டிவிட்டது. மழை வேறு. ரோட்டில் மண் சரிந்திருக்கும், விடிந்ததும் போகலாம் என்றான். போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, மலை இறங்குறப்போ வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாது. தண்ணியும் வேணாம்லா. இப்பதான் சீட்டு எல்லாம் புதுசா தச்சுப் போட்டிருக்கேன்."

இது அவன் கண்டுபிடித்த சட்டம் இல்லை. மேலே பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். ரோடு பாம்புபோல வளைந்து வளைந்து இறங்குகிறது. பாதி வழியில் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் கீழே போகிற நாளில் பிள்ளைகளுக்குப் பால்கூடக் கொடுக்க மாட்டார்கள். கல்யாணப் பெண்ணைப் பட்டினியாக இறக்கிக்கொண்டு போவார்கள். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு இறங்குவதுதான் எங்கள் வழக்கம். காய்ச்சல்காரனுக்கு அது பொருந்துமா என்று யாரும் யோசிக்கவில்லை. நாக்கு ஒட்டியது. தண்ணீர் கேட்டேன். என் மனைவி துணியை நனைத்து உதட்டைத் துடைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. அந்த ஆளோட வேன்ல நீங்க வாந்தி எடுத்தா நம்மள பாதி வழியில எறக்கி விட்டுடுவான்."

காலையில் வேனின் பின்சீட்டு முழுவதையும் எனக்குக் கொடுத்தார்கள். வழியெல்லாம் நான் வாந்தி எடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் இல்லை.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே முதலில் வந்தவள் ஒரு மிஸ்ஸி. நாங்கள் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம். இரண்டு கைகளிலும் தட்டினாள், குத்தினாள். பிறகு இன்னொரு மிஸ்ஸி வந்தாள். பிறகு பாதத்தில் பார்த்தார்கள். நல்ல காலில் குத்தியபோது எனக்கு வலிக்கவே இல்லை. அதைக் கண்டு அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்று மலாயில் பேசினார்கள். மருந்துப் பை கம்பியில் தொங்கியது. அது உள்ளே போக என் உடம்பில் ஒரு வாசல் இல்லை.

கடைசியில் ஒரு இளம் டாக்டர் வந்தாள். நம்ம பிள்ளைதான். தமிழைக் கொஞ்சம் யோசித்துப் பேசினாள்.

"அங்கிள், கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?"

என் மனைவி சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் டாக்டர்."

"ஏன்? அவரே வேணாம்னு சொன்னாரா?"

"மலை இறங்கணும்லா. வாந்தி வரும்."

அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காய்ச்சல்ல ஒரு ராத்திரி பூரா தண்ணி இல்லாம... ரத்தக் குழாய் எல்லாம் வத்திப்போய் ஒட்டிக் கெடக்கு அங்கிள். கையில கிடைக்காது. பெரிய குழாய்லதான் போடணும். கழுத்துல, இல்ல தொடையில."

தொடையிடுக்கில் போட்டால் தலையை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம், மூச்சுக்கு நல்லது, கால்பக்கம் தாழ்ந்தால் அங்கே உள்ள குழாய் பெருத்துக்கொள்ளும் என்றாள். என் மனைவியை வெளியே நிற்கச் சொன்னார்கள். என் வயிற்றை ஒரு மிஸ்ஸி இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தாள். இன்னொருத்தி அகலமான பிளாஸ்டரால் அதை மேலே இழுத்து ஒட்டப் பார்த்தாள். மடிப்புக்குள் தோல் வெந்து புண்ணாக இருந்தது. அதை என் மனைவிக்குக்கூட நான் காட்டியதில்லை. ஒரு பக்கம் கெட்ட கால், மறுபக்கம் புண். டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினாள். வயிற்றை மெதுவாக இறக்கிவிட்டார்கள். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. விட்டத்தில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் கழுத்துதான்.

கழுத்தில் ஒரு குளிர்ந்த பசையைத் தடவி, கைப்பிடி போன்ற ஒன்றை வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னத் திரை. அதில் சாம்பல் நிறத்தில் புகைபோல ஏதோ ஓடியது.

"இதோ இது துடிக்குது பாருங்க, இது ரத்தம் போற குழாய். அழுத்தினாலும் அப்படியே நிக்கும். நமக்கு வேண்டியது இதுக்குப் பக்கத்துல இருக்கணும். ரத்தம் திரும்பி வர்றது. லேசா அழுத்தினாலே ஒட்டிக்கும்."

நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அது திரையில் இல்லவே இல்லை. அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது, நிமிர்ந்தால் காணாமல் போகிறது. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் பயிற்சி டாக்டர்கள் சிலர். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். ஒல்லியானவர்களிடம் இது சுலபம், இந்த மாதிரி 'கெமோக்' ஆட்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மலாயில் சொன்னார். கெமோக் என்றால் குண்டு. கடைவீதியில் சின்ன வயதிலேயே எனக்குக் கிடைத்த பெயர் அது. எனக்கு மலாய் தெரியாது என்று அவர் நினைத்திருக்கலாம். தெரிந்தால்தான் என்ன என்றும் நினைத்திருக்கலாம்.

"நிமிர்த்து," என்றார். நிமிர்த்தினார்கள். குழாய் இல்லை.

"படுக்க வை." படுக்க வைத்தார்கள். திரையில் கண் இமை மூடிக் கிடப்பதுபோல ஒரு கோடு தெரிந்தது.

"இப்போது தலையைத் தாழ்த்து."

கட்டிலில் மோட்டார் சத்தம் கேட்டது. என் கால்கள் உயர்ந்தன, தலை இறங்கியது. அந்தக் கோடு மெல்லத் திறந்தது. கறுப்பாக, உருண்டையாக ஆனது. பயிற்சி டாக்டர்கள் ஆ என்று குனிந்தார்கள். எனக்கு என் வயிறு நெஞ்சின் மேல் ஏறி வருவது தெரிந்தது. பிறகு நெஞ்சு கழுத்துக்கு வந்தது. ஈர இலை மூட்டையை யாரோ முகத்தின் மேல் இறக்கி வைத்ததுபோல இருந்தது. நான் வீட்டில் படுத்துத் தூங்கிப் பல வருடம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்துதான் தூங்குவேன்.

கொழுத்த உடம்பில் இந்தச் சாய்வு மற்றவர்களுக்குச் செய்கிற அளவு வேலை செய்யாது, இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்கள் என்று அவர் விளக்கினார். பின்னால் நின்ற ஒருவன் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

"இன்னொரு முறை. நிமிர்த்து."

நிமிர்த்தினார்கள். ஒரு மூச்சு இழுத்தேன். மறுபடி தாழ்த்தினார்கள். நான் கையைத் தூக்கினேன். "கையை ஆட்டாதீர்கள்" என்றார் பெரிய டாக்டர். கையை இறக்கிவிட்டேன்.

இளம் டாக்டர்தான் சொன்னாள். "டாக்டர், அவருக்கு மூச்சு முட்டுது. ஆக்சிஜன் இறங்குது."

"சரி, நிமிர்த்து," என்றார். நோயாளியைத் தொடுவதற்கு முன்பே அவருடைய உடம்பு எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று பயிற்சி டாக்டர்களுக்குச் சொல்லிக்கொண்டே வெளியே போனார். நல்ல பாடம்தான். என்னை வைத்துத்தான் அதை நடத்தினார். மருந்துப் பை அதுவரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

இனிமேல் வேண்டாம் என்று நான் சொன்னேன். அந்த அறைக்கு வந்த பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். கால் போனால் போகட்டும், தலையைக் கீழே போடாதீர்கள் என்றேன். இளம் டாக்டர் வெளியே போய் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அவரு படுத்தே தூங்க மாட்டாரு டாக்டர். தலைய கீழ போட்டா செத்துடுவாரு."

"போடலன்னாலும் செத்துடுவாரும்மா." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எல்லாத்தையும் முதல்ல தயார் பண்ணிக்கிறேன். ஊசி, துணி, மருந்து எல்லாம். அவர் உக்காந்தே இருக்கட்டும். கடைசிலதான் சாய்ப்பேன். போட்ட உடனே நிமிர்த்திடுவேன்."

என் மனைவி என் கால்மாட்டில் போய் நின்றாள். நல்ல காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்கல்ல? வாய மூடிக்கிட்டு படுங்க. வீட்டுல மட்டும் வாய் கிழியுது."

வீட்டிலும் நான் பேசுவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

முகத்தின் மேல் பச்சைத் துணி போட்டார்கள். ஒரு ஓரத்தை மிஸ்ஸி தூக்கிப் பிடித்து வெளிச்சம் வர விட்டாள். மரத்துப் போகும் ஊசி குத்தியது. பிறகு மோட்டார் சத்தம். தலை இறங்கியது.

முதல் தடவை கிடைக்கவில்லை. ஊசி பட்டதும் குழாய் ஒட்டிக்கொண்டது என்றாள். நிமிர்த்தினாள். சொன்னபடி உடனே நிமிர்த்தினாள். அதை நான் மறக்கவில்லை.

"அங்கிள், இந்தத் தடவ நான் சொன்னதும் வாய மூடிக்கிட்டு ம்ம்ம்னு இழுங்க. பாட்டுக்கு முன்னாடி இழுப்பாங்கல்ல, அந்த மாதிரி. மூச்சு மெதுவா வெளிய போகணும். கழுத்துக் குழாய் நல்லா பெருக்கும்."

கல்யாண வீட்டிலும் கோயிலிலும் நான் பாடியதில்லை. பள்ளியில் வரிசையில் நின்று பாடும்போதும் வாயை மட்டும் அசைப்பேன். இப்போது முன்பின் தெரியாத பெண்கள் முன்னால், தலைகீழாக, வேட்டி இல்லாமல், பாடச் சொல்கிறார்கள்.

"எங்க, இழுங்க."

ஒன்றும் வரவில்லை.

"என்னங்க." என் மனைவி காலைக் கிள்ளினாள். கிள்ளியது பிற்பாடு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மெசின் சத்தம் மாதிரி போடுங்க. ராத்திரி குறட்ட விடுறீங்களே, அந்த மாதிரி."

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். நான் இலை உலர்த்தும் மெசினை நினைத்துக்கொண்டேன். மாடியில் நின்றால் பாதத்தின் வழியாக ஏறும் சத்தம் அது. பாதம் மரத்த பிறகும் முழங்காலில் தெரியும். அதைப் போட்டேன். மூச்சு தீரும்வரை போட்டேன். வயிறு தொண்டையில் இருந்தது. கண்ணில் புள்ளி புள்ளியாகப் பறந்தது.

"அப்படித்தான். விடாதீங்க. விடாதீங்க அங்கிள். கெடச்சிடுச்சு."

கட்டில் நிமிர்ந்தது.

மருந்து உள்ளே போனது. தண்ணீரும் போனது. பைபையாகப் போனது. இளம் டாக்டர் மறுநாள் வந்து காலைப் பார்த்தாள், சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. கால் தப்பியது. விரல்களில் பெருவிரலும் அடுத்ததும் கறுத்துவிட்டன, அவற்றை எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அவையும் இருந்திருக்கும் என்று வேறொரு டாக்டர் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெருவிரல் இல்லாமல் மாடிப்படி ஏற முடியுமா என்று நான் கேட்கவில்லை. எஸ்டேட்டில் கேட்பார்கள்.

வீட்டுக்குக் கூட்டிப்போக அதே வேன்தான் வந்தது. எங்களுக்கு வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் என் கையைப் பிடித்து ஏற்றினான். நல்லவன்தான். கூப்பிட்டால் வருகிறவன் அவன் ஒருவன்தான். சீட்டின் மேல் பிளாஸ்டிக் விரித்து வைத்திருந்தான்.

"டிரசர் கேட்டாருண்ணே. நரம்பு ஒருவழியா கெடச்சுதான்னு. கழுத்துல ஒளிச்சு வச்சிருந்தாருன்னு சொன்னேன். எல்லாரும் ஒரே சிரிப்பு."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கங்காணியும் கேட்டாரு. விரல் போன ஆளு மேல நிக்க முடியுமான்னு. சும்மா கேட்டாரு."

ரோடு ஏறத் தொடங்கியது. முதல் வளைவு வந்தது. அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் சாப்பிடலயில்ல? அன்னைக்கு வெறும் வயித்தோட வந்ததுனாலதான் வழியில ஒண்ணும் ஆகல அண்ணே. இல்லன்னா உங்க நெலமைக்கு, வாந்தி வேற எடுத்திருந்தா, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருக்க மாட்டீங்க. நான் அப்பவே சொன்னேன்லா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். டாக்டர் கேட்டபோது பதில் சொன்னவள் அவள்தான். அவள் முன்னால் இருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா தம்பி," என்றாள். நாளைக்கும் நாளை மறுநாளும் காலை ஊன்றாமல் கட்டு மாற்றப் போக இந்த வேன்தான் வேண்டும்.

அவள் மடியில் ஆஸ்பத்திரிப் பை இருந்தது. அதற்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல். நான் எடுத்தேன். மூடியைத் திருகினேன். கண்ணாடியில் அவன் கண்கள் ரோட்டை விட்டு என்னிடம் வந்தன.

"அண்ணே, வேணாம்ணே. இன்னும் வளைவு இருக்கு."

குடித்தேன். அடுத்த வளைவில் மறுபடி குடித்தேன். குமட்டலில் வாயில் உமிழ்நீர் ஊறியது. என் மனைவி பிளாஸ்டிக் விரிப்பின் ஓரத்தைச் சத்தமில்லாமல் சரிசெய்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சு ஒவ்வொரு விழுங்கலுக்கும் அசைந்தது. நான் சொல்ல இருந்ததெல்லாம் அந்தப் போத்தலில்தான் இருந்தது, அவனுக்கு அது புரியவில்லை. சீட்டு நனையுமா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.